தண்ணீருக்கும் வீட்டுக்கும் இடையே

ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் ஒரு தொண்டு நிறுவனம் ஊர் ஊராகப் போய் விசித்திரமான பேரம் ஒன்றைப் பேசியது. ஒவ்வொரு வீட்டுக்கும் குழாயில் தண்ணீர் வரும். சமையலறையில் ஒன்று, குளியலறையில் ஒன்று, கழிப்பறையில் ஒன்று என வீட்டுக்கு மூன்று குழாய்கள். நாள் முழுக்கத் தண்ணீர். ஆனால் ஊரில் ஒரே ஒரு வீடு சேர மறுத்தாலும் எவருக்கும் எதுவும் கிடையாது. நிலக்கிழாரின் வீடும் சேரவேண்டும், ஊர்க்கோடியில் தனியாக வாழும் விதவையின் குடிசையும் சேரவேண்டும். எல்லா வீடுகளும் கழிப்பறையும் குளியலறையும் கட்டி முடித்த பிறகுதான் மேல்நிலைத் தொட்டியின் வால்வு திறக்கப்படும்.

நிறுவனத்தின் பெயர் கிராம் விகாஸ். அதன் வேர் சென்னையில் இருக்கிறது. 1971இல் வங்கதேசப் போரின் அகதிகளுக்கு உதவ சென்னைப் பல்கலைக்கழக மாணவர்களின் குழு ஒன்று கிழக்கே போனது. அதே ஆண்டு அக்டோபரில் ஒடிசாவைப் பெரும்புயல் தாக்க, குழுவின் ஒரு பகுதி அங்கே நகர்ந்தது. பெரும்பாலோர் திரும்பிவிட்டார்கள், சிலர் தங்கிவிட்டார்கள். தங்கியவர்களில் ஒருவர், பல்கலைக்கழக மாணவர் சங்கத் தலைவராக இருந்த கேரளத்து இளைஞர் ஜோ மடியத். 1979இல் அவர் தொடங்கியதுதான் கிராம் விகாஸ். 1980கள் முழுக்க அவர்கள் சாண எரிவாயுக் கலன்கள் கட்டினார்கள். பல்லாயிரக்கணக்கில் கட்டினார்கள். பிறகு ஊர்களில் நோய்களைக் கணக்கெடுத்தபோது, பெரும்பாலானவை அசுத்தத் தண்ணீரிலும் திறந்தவெளியில் மலம் கழிப்பதிலும் போய் முடிவது தெரிந்தது. 1992இல் ஐந்து ஊர்களில் தண்ணீர்த் திட்டம் தொடங்கியது. இன்று அது ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களை எட்டியிருக்கிறது.

'எல்லோரும் அல்லது எவரும் இல்லை' என்ற நிபந்தனைக்குச் சொல்லப்பட்ட காரணம் நோயியல் சார்ந்தது. ஊரில் பத்தில் எட்டு வீடுகள் கழிப்பறைக்குப் போனாலும், மீதி இரண்டு வீடுகளின் மலம் எல்லோர் குளத்துக்கும்தான் வந்து சேரும். கிருமிக்கு அண்டைவீடு தெரியாது. ஆனால் இந்த நிபந்தனை தொட்ட இடம் வேறு. கஞ்சத்தில் குளமும் கிணறும் சாதிப்படி பிரிந்து கிடந்தன. ஒரே தொட்டியிலிருந்து தலித் தெருவுக்கும் மேல்சாதித் தெருவுக்கும் தண்ணீர் போவதை ஏற்காத ஊர்கள் பல. அவர்கள் எங்கள் தொட்டியில் கைவைப்பதா என்ற பேச்சு மாதக்கணக்கில், சில இடங்களில் ஆண்டுக்கணக்கில் நீடித்தது. குழாய்க்கு ஒரு வசதி உண்டு: கிணற்றடியில் யார் எந்தப் பக்கம் நிற்பது, யார் ஊற்ற யார் ஏந்துவது என்ற கேள்வியே அதில் எழாது. தலித் பெண், வேறு யாராவது வாளி இறைத்து ஊற்றட்டும் என்று காத்திருந்த கிணற்றடி அவளுடைய நாளிலிருந்து நீங்கிவிடுகிறது. சாதி அதனால் ஒழிந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. தண்ணீர் என்ற ஒரு இடத்தில் அது செல்லாக்காசாயிற்று.

இந்த நிபந்தனையைப் பலரும் மெச்சி எழுதியிருக்கிறார்கள். எனக்கு ஒரு தயக்கம் உண்டு. கடைசி வீடு இணங்கும்வரை காத்திருப்பதன் விலையை யார் கொடுக்கிறார்கள்? மேல்சாதித் தெருவில் சொந்தக் கிணறு உள்ளவர் இரண்டு வருடம் முரண்டு பிடித்தால், அந்த இரண்டு வருடமும் குடம் சுமப்பவள் தலித் பெண்தான். மறுபுறம், ஊரே இணங்கிவிட்டு ஒரே ஒரு ஏழை வீடு பணம் இல்லாமல் பின்வாங்கினால் அதன்மேல் விழும் நெருக்கடியும் லேசானதாக இருக்காது. நிறுவனம் இதற்கு வைத்த மருந்து, வசதிக்கேற்ற பங்கு. வீட்டுக்குச் சராசரி 1,000 ரூபாய் என்று ஊர் ஒரு வைப்புநிதி திரட்டவேண்டும். சராசரிதான், அதனால் உள்ளவர் கூடக் கொடுக்கலாம், இல்லாதவர் குறைத்துக் கொடுக்கலாம். செங்கல், கல், மணல், உடலுழைப்பு எல்லாம் ஊருடையது. சிமென்ட்டும் கழிப்பறைக் கோப்பையும் போல வெளியிலிருந்து வாங்க வேண்டியவற்றுக்கு மட்டும் மானியம்.

இதெல்லாம் எதற்கு? நல்ல தண்ணீர் வந்தால் ஒரு ஊர் எப்படி மாறுகிறது என்பதற்கு நம்மிடம் ஒரு சுலபமான கதை இருக்கிறது. தண்ணீர் சுத்தமானால் கிருமி போகும், நோய் குறையும், மருத்துவச் செலவு மிஞ்சும், பிள்ளைகள் பள்ளிக்குப் போவார்கள், பெண்கள் சம்பாதிப்பார்கள். உதவி நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள் எல்லாம் இந்தப் படிக்கட்டில்தான் ஏறுகின்றன. கடந்த ஐம்பதாண்டு ஆய்வுகளை எடுத்துவைத்துப் பார்த்தால் படிகள் சில உறுதியாக இருக்கின்றன, சில ஆடுகின்றன, ஒன்றிரண்டு இல்லவே இல்லை. மாற்றத்தை ஆகக் கூடுதலாகத் தீர்மானிப்பது தண்ணீரின் தூய்மை மட்டுமல்ல, அது வீட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதை முதலில் அழுத்தமாகச் சொன்னவர்கள் கில்பர்ட் ஒயிட், டேவிட் பிராட்லி, ஆன் ஒயிட் மூவரும். 1960களில் கென்யா, உகாண்டா, தான்சானியா மூன்று நாடுகளிலும் வீடுவீடாகத் தண்ணீர்ப் புழக்கத்தை அளந்து 1972இல் நூலாக வெளியிட்டார்கள். நோய்களை அவர்கள் பிரித்த விதம் இன்றும் பாடநூல்களில் இருக்கிறது. அசுத்தத் தண்ணீரைக் குடிப்பதால் வருபவை ஒரு வகை: காலரா, டைஃபாய்டு. கழுவப் போதிய தண்ணீர் இல்லாததால் வருபவை இன்னொரு வகை: சொறி, சிரங்கு, பார்வையைப் பறிக்கும் டிரக்கோமா என்ற கண்நோய், வயிற்றுப்போக்கிலும் பெரும்பகுதி. இரண்டாவது வகைக்குத் தண்ணீர் எவ்வளவு தூய்மையானது என்பது பெரிய பொருட்டில்லை. எவ்வளவு இருக்கிறது என்பதே கேள்வி.

எவ்வளவு இருக்கிறது என்பதைத் தூரம் முடிவு செய்கிறது. உலக சுகாதார நிறுவனத்துக்காக கை ஹோவர்டும் ஜேமி பார்ட்ரமும் 2003இல் தொகுத்த கணக்கு இது: போய்வர அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும் இடத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து லிட்டர்கூடக் கிடைப்பதில்லை. ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தால் சுமார் 20 லிட்டர். வாசலில் ஒரு குழாய் இருந்தால் 50. வீட்டுக்குள் பல குழாய்கள் என்றால் 100. இதில் கவனிக்க வேண்டிய ஒரு வளைவு உண்டு. நடை முப்பது நிமிடத்திலிருந்து ஐந்து நிமிடமாகக் குறைந்தாலும் வீட்டுக்கு வரும் தண்ணீர் அவ்வளவாகக் கூடுவதில்லை. இடுப்பிலும் தலையிலும் சுமக்கும் குடத்தின் எண்ணிக்கை அப்படியே நிற்கிறது. வாசலுக்கு வந்ததும்தான் அளவு எகிறுகிறது.

தெருமுனை அடிபம்பின் வரலாற்றை இந்த வளைவை வைத்துப் படிக்கலாம். 1970களில் யுனிசெஃப் துணையோடு உருவான 'இந்தியா மார்க் 2' அடிபம்பு கோயம்புத்தூர்ப் பக்கத்தில் சோதிக்கப்பட்டு, சென்னையில் ரிச்சர்ட்சன் அண்ட் குரூடாஸ் ஆலையில் உற்பத்தியானது. அதற்கு முன்பிருந்த வார்ப்பிரும்புப் பம்புகள் ஊர் முழுதும் ஓயாமல் அடிப்பதைத் தாங்காமல் மாதங்களில் உடைந்தன, இது தாங்கியது. வறட்சியில் கோடிக்கணக்கான உயிர்களுக்கு அது கைகொடுத்தது. ஆனால் குடம் இடுப்பைவிட்டு இறங்கவில்லை.

தூரத்தின் விளைவைத் துல்லியமாகக் காட்டிய ஆய்வுகளில் மொசாம்பிக்கின் முவேடா பீடபூமியில் நடந்தது ஒன்று. சாண்டி கெய்ர்ன்கிராஸும் ஜூலி கிளிஃபும் 1980களில் இரண்டு ஊர்களை ஒப்பிட்டார்கள். நமாவாவில் ஊருக்குள்ளேயே தெருக்குழாய் இருந்தது. இத்தாந்தாவில் தண்ணீருக்குப் பல மணி நேரம் போய்வர வேண்டும். நமாவாவில் ஆளுக்கு 11 லிட்டர், இத்தாந்தாவில் 4 லிட்டர். கூடுதலான ஏழு லிட்டர் எங்கே போனது? குழந்தைகளைக் குளிப்பாட்டவும் துணி துவைக்கவும். நமாவாவில் பிள்ளைகளுக்கு டிரக்கோமா ஏறத்தாழப் பாதியாக இருந்தது. இத்தாந்தாவில் ஒரு பெண் தண்ணீருக்காகச் சராசரியாக நாளுக்கு 131 நிமிடம் செலவிட்டாள், நமாவாவில் 25 நிமிடம். மிஞ்சிய நேரம் சமையலுக்கும் பிள்ளைகளுக்கும் வீட்டு வேலைக்கும் ஓய்வுக்கும் போனது.

ஓய்வு என்பதை ஆய்வாளர்கள் கொஞ்சம் சங்கடத்தோடுதான் எழுதுகிறார்கள், ஏதோ அது திட்டத்தின் தோல்வி என்பதுபோல. நிதி கொடுப்பவர்களுக்கு வருமானம் வேண்டும். உலக வங்கியின் காயத்ரி கூல்வாலும் டொமினிக் வான் டி வாலேயும் ஒன்பது நாடுகளின் புள்ளிவிவரங்களைக் கொண்டு 2013இல் வெளியிட்ட ஆய்வு இந்த எதிர்பார்ப்பைக் கலைத்தது: தண்ணீர் அருகில் வந்ததால் பெண்கள் வீட்டுக்கு வெளியே கூலிவேலைக்குப் போவது கூடியதற்குச் சான்று இல்லை. பல இடங்களில் பிள்ளைகள் பள்ளியில் சேர்வது மேம்பட்டது, பையன்களுக்கும் பெண்பிள்ளைகளுக்கும். வேலை இல்லாத ஊரில் இரண்டு மணி நேரம் மிஞ்சினால் கூலி எங்கிருந்து வரும்? தண்ணீர் நேரத்தைத் தரும். அந்த நேரத்துக்குச் சந்தையை அது தராது.

மொராக்கோவின் டாஞ்சியரில் கிடைத்த விடை இன்னும் தெளிவானது. அது கிராமம் அல்ல, நகரத்தின் ஏழைப்பகுதி; இருந்தும் இங்கே பொருந்தும். அங்கே தெருக்குழாயில் நல்ல தண்ணீர் இலவசமாகக் கிடைத்தது. சில குடும்பங்களுக்கு மட்டும் வீட்டு இணைப்புக்குக் கடன் எளிதாக்கப்பட்டது. ஃபுளோரென்சியா டெவோட்டோ, எஸ்தர் டூஃப்லோ குழுவினர் 2012இல் வெளியிட்ட முடிவுப்படி, இணைப்பு பெற்ற வீடுகளில் உடல்நலம் மாறவில்லை; குடித்த தண்ணீர் முன்பும் நன்றாகத்தானே இருந்தது. வருமானமும் மாறவில்லை. ஆனால் தண்ணீரை வைத்து வீட்டுக்குள்ளும் அக்கம்பக்கத்திலும் நடந்த சண்டைகள் குறைந்தன. உறவினரைப் பார்க்கவும் சும்மா இருக்கவும் நேரம் கிடைத்தது. வாழ்க்கை நன்றாக இருக்கிறது என்று அவர்கள் சொன்னார்கள். இதற்காக மாதாமாதம் கட்டணம் கட்டவும் தயாராக இருந்தார்கள். குழாயடிச் சண்டையைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தக் கண்டுபிடிப்பு வியப்பாக இராது.

ஒடிசாவுக்குத் திரும்பலாம். கிராம் விகாஸ் ஊர்களை இரண்டு குழுக்கள் தனித்தனியாக ஆராய்ந்தன. முடிவுகள் ஒன்றோடொன்று முழுதும் ஒத்துப்போகவில்லை. டூஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரேமண்ட் கிட்டேராஸ், தாமஸ் கிளேசன் நால்வரும் சுமார் 100 ஊர்களைப் பார்த்து 2015இல் எழுதினார்கள்: தண்ணீர் வந்த பிறகு, சிகிச்சைக்குப் போகும் அளவுக்கான வயிற்றுப்போக்கு 30 முதல் 50 விழுக்காடு குறைந்தது, ஐந்தாண்டுக்கு மேலும் அந்தப் பலன் நிலைத்தது. அடுத்து ஹெதர் ரீஸ், கிளேசன் குழு கஞ்சம், கஜபதி மாவட்டங்களில் 45 திட்ட ஊர்களையும் அவற்றுக்கு இணையான 45 வேறு ஊர்களையும் எடுத்து, 2019இல் முடிவை வெளியிட்டது. திட்ட ஊர்களில் நூற்றுக்கு 85 வீடுகளில் நல்ல கழிப்பறை. மற்ற ஊர்களில் 20க்கும் குறைவு. இருந்தும் பிள்ளைகளின் வயிற்றுப்போக்கில் வேறுபாடு தெரியவில்லை. வேறுபட்டது உயரம். திட்ட ஊர்களின் சிறு குழந்தைகள் தம் வயதுக்குச் சற்றே கூடுதல் உயரமாக இருந்தார்கள்.

இதை எப்படிப் புரிந்துகொள்வது? ஒரு பகுதி, அளக்கும் முறை. முதல் ஆய்வு வைத்தியம் பார்த்த பெரிய நோய்களை எண்ணியது. இரண்டாவது, போன ஏழு நாளில் பிள்ளைக்கு வயிறு போனதா என்று தாயிடம் கேட்டது. பேதி வந்து வந்து போகும் ஊரில் அந்த நினைவு நம்பத்தக்க அளவுகோல் இல்லை. இன்னொரு பகுதி, குடல். மலக்கிருமிகளைத் தொடர்ந்து விழுங்கும் குழந்தைக்கு வெளிப்படையான பேதி இல்லாமலே குடலின் உட்சுவர் வீங்கி, உண்ட உணவின் சத்தை உறிஞ்ச முடியாமல் போகும் என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள். அப்படியானால் தாயின் நினைவில் பதியாத நோய் பிள்ளையின் எலும்பில் பதிகிறது. ஆளுயரம் அளக்கும் பலகை கேள்வித்தாளைவிட நேர்மையான சாட்சி.

இந்த உயரக் கணக்குக்கு முக்கியத்துவம் வரக் காரணம் வேறு மூன்று பெரிய சோதனைகள். வங்கதேசம், கென்யா, ஜிம்பாப்வே மூன்று நாடுகளிலும் பல்லாயிரம் தாய்மாரைச் சேர்த்து நடந்த சோதனைகளின் முடிவுகள் 2018, 2019இல் வெளியாயின. தண்ணீரில் குளோரின், எளிய கழிப்பறை, சோப்பு போட்டுக் கைகழுவல் ஆகியவற்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். பிள்ளைகள் கூடுதலாக வளரவில்லை. வங்கதேசத்தில் வயிற்றுப்போக்கு ஓரளவு குறைந்தது. மற்ற இரண்டு நாடுகளில் அதுவும் இல்லை. துறையே அதிர்ந்தது. அந்த மூன்று சோதனைகளிலும் எவர் வீட்டுக்குள்ளும் குழாய் வரவில்லை என்பதை நான் அடிக்கோடிட விரும்புகிறேன். குளோரின் பாட்டிலைக் கையில் கொடுத்துவிட்டு, குடத்தை இடுப்பிலேயே விட்டுவிட்டோம்.

தூய்மை பொருட்டே இல்லை என்று இதற்குப் பொருள் கொண்டால் தவறாகும். மைக்கேல் கிரெமரும் அவருடன் சேர்ந்தவர்களும் தண்ணீர் சுத்திகரிப்புச் சோதனைகளை ஒன்றுகூட்டிப் பார்த்தபோது, ஐந்து வயதுக்குட்பட்டோர் இறப்பு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவதாகத் தெரிந்தது. குளோரினின் விலை சொற்பம். உயிரைக் காப்பதற்கு அது போதலாம். ஊரின் அன்றாடம் மாறுவதற்குப் போதாது.

தூய்மையும் தூரமும் நேருக்கு நேர் மோதிய இடம் வங்கதேசம். 1970களிலிருந்து குளத்துநீரை விட்டுவிட்டுக் குழாய்க்கிணற்றுக்கு மாறும்படி மக்களுக்குச் சொன்னார்கள்; பெரும்பாலான வீடுகள் கொல்லைப்புறத்திலேயே ஒன்றை இறக்கிக்கொண்டன. 1993இல் அந்த நிலத்தடி நீரில் ஆர்சனிக் இருப்பது தெரியவந்தது. கோடிக்கணக்கானவர்கள் அதைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். நஞ்சுள்ள கிணறுகளுக்குச் சிவப்பும் மற்றவற்றுக்குப் பச்சையும் பூசினார்கள். மக்கள் சொன்னபடி கேட்டார்கள், கொல்லைக் கிணற்றை விட்டுவிட்டுத் தொலைவுக்குப் போனார்கள், அல்லது குளத்துக்கே திரும்பினார்கள். எரிக்கா ஃபீல்ட், ரேச்சல் கிளென்னர்ஸ்டர், ரேஷ்மான் ஹுசாம் மூவரும் பாரிசால் பகுதியில் ஆராய்ந்தபோது, அப்படிக் கிணற்றைக் கைவிட்ட வீடுகளில் குழந்தை இறப்பு கூடியிருந்தது தெரிந்தது. தூரத்திலிருந்து கொண்டுவந்து பானையில் தேக்கிய தண்ணீரில் கை படும், கிருமி சேரும். ஆர்சனிக் இருபது ஆண்டில் கொல்லும். பேதி இரண்டு நாளில் கொன்றது. கிணற்றுக்குச் சிவப்படித்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்த இடத்தில் எவரும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

இந்திய அரசு வீட்டுக் குழாயை இலக்காக வைத்தது 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவித்த ஜல் ஜீவன் திட்டத்தில். அப்போது ஊரகத்தில் 3.23 கோடி வீடுகளுக்கு, அதாவது ஆறில் ஒரு வீட்டுக்குத்தான் குழாய் இருந்தது. ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது அளவுகோல். இன்று இணைப்பு 15 கோடி வீடுகளைத் தாண்டிவிட்டது. 2024 என்றிருந்த கெடு 2028க்குத் தள்ளிப்போயிருக்கிறது. இவ்வளவு வேகம் கிராம் விகாஸ் போன்ற நிறுவனத்தால் கனவிலும் ஆகாது. ஆனால் குழாய் இருப்பதும் தண்ணீர் வருவதும் வேறு வேறு. 2022இல் நடந்த அரசின் மதிப்பீட்டிலேயே, போதிய அளவில், நல்ல தரத்தில், ஒழுங்காகத் தண்ணீர் வந்த இணைப்புகள் மூன்றில் இரண்டு பங்கை எட்டவில்லை. இரண்டு நாளுக்கு ஒருமுறை அரைமணி நேரம் வரும் தண்ணீரை வீடு மறுபடி குடத்திலும் டிரம்மிலும்தான் தேக்குகிறது. தூரம் வேறு உருவத்தில் திரும்பிவிடுகிறது.

எனவே கேள்வி பராமரிப்பில் வந்து நிற்கிறது: மோட்டார் எரிந்தால் யார் பணம் போடுவது, ஆபரேட்டருக்கு யார் சம்பளம் கொடுப்பது. கஜபதியின் மலைக் கிராமங்களுக்கு இதில் ஒரு கொடுப்பினை உண்டு. மேலே ஊற்று, கீழே ஊர். தண்ணீர் தன் எடையிலேயே இறங்கிவரும், மின்கட்டணம் இல்லை. சமவெளி ஊர்கள் வீட்டுக்கு மாதம் இவ்வளவு என்று வசூலிக்கின்றன. சில ஊர்கள் பொதுக்குளத்தில் மீன் வளர்த்து அந்த வருமானத்தைத் தண்ணீர்க் கணக்கில் போடுகின்றன, சில அறுவடையில் ஒரு பங்கு வாங்குகின்றன.

வைப்புநிதியின் கதை இதைவிடச் சிக்கலானது. வீட்டுக்கு 1,000 ரூபாய் என்று திரட்டிய அந்தப் பணம் பராமரிப்புக்காக அல்ல. திட்டம் முடிந்த பிறகு ஊரில் முளைக்கும் புது வீடுகளுக்காக. மகன் கல்யாணம் முடித்துத் தனிக்குடித்தனம் போனால், அவன் வீட்டுக்கும் கழிப்பறையும் குழாயும் கட்ட அந்த நிதியின் வட்டியிலிருந்து உதவவேண்டும். 'எல்லோரும்' என்பது அடுத்த தலைமுறைக்கும் எல்லோருமாக இருக்கவேண்டும் என்பதே ஏற்பாடு. நூறு வீட்டு ஊருக்கு ஒரு லட்சம் ரூபாய். வங்கி வைப்புக்கு வட்டி பத்து விழுக்காட்டைத் தாண்டிய 1990களில் அது ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கு மேல் தந்தது, செங்கல்லும் சிமென்ட்டும் மலிவாக இருந்த நாளில். இன்று வட்டி ஆறேழு விழுக்காடு. கழிப்பறையும் குளியலறையும் சேர்த்துக் கட்டப் பல பத்தாயிரம் ஆகும். அசல் மாறாத ஊரில் ஆண்டு வட்டி ஒரு வீட்டின் கால்பங்கு வேலைக்கு வந்தால் அதிகம். அப்படிப்பட்ட ஊர்களில் புது மருமகள் வந்து இறங்கும் வீட்டுக்குக் குழாய் வருவது, ஊர்க்கூட்டம் நிதியைப் புதிதாக ஏற்றிப் போட ஒப்புக்கொள்கிறதா என்பதைப் பொறுத்திருக்கிறது.